எருக்குழியும் கிணறும்: திருவட்டாறு வட்டத்து மாட்டுப் பண்ணை ஒன்றின் தண்ணீர், வெப்பப் பதிவு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மாடு வளர்ப்பு என்றால் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு தொழுவம், இரண்டு கறவை, ஒரு கன்று, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் இந்தப் பண்ணை பெரியது. கறவையில் 14, அது போக சினைமாடுகள், கிடாரிகள், கன்றுகள். நான்கு மாடுகள் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு, மற்றதெல்லாம் ஜெர்சி கலப்பு. திருவட்டாறு வட்டத்தில், சுற்றிலும் ரப்பர் நிற்கிற சரிவான நிலம். மேட்டில் தொழுவம், அதை ஒட்டி எருக்குழி, குழிக்குக் கீழே ஏறக்குறைய 30 அடி தள்ளிக் கிணறு, கிணற்றைச் சுற்றி நேப்பியர் புல், அதற்கும் கீழே ஒரு காலத்தில் வயலாக இருந்து இப்போது வாழையாகிவிட்ட துண்டு.

வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து திரும்பிய பிறகு கொட்டகையை நீட்டியிருக்கிறார். அதற்கு முன் அவருடைய அம்மை ஐந்து மாடு வைத்திருந்தார். ஐந்து மாட்டுக்கு வெட்டிய எருக்குழி அப்படியேதான் இருந்தது, இதைப் பின்னால் பார்ப்போம். பண்ணையை இப்போது நடத்துவது வீட்டுக்காரரின் மனைவி. கறவை, தீவனம், சங்கத்துக்குப் பால் ஊற்றுவது, கணக்கு எல்லாம் அவர்தான். இனிமேல் அக்கா என்றே எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பண்ணைகளில் தண்ணீர், கொட்டகைச் சூடு, தீவனம் இவற்றை அளந்து பதிவு வைக்க உதவுகிறவன். இங்கே வருவது குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதியது, ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

மாசிக் கடைசியில் வந்த புகார்

பால் குறைந்துவிட்டது, சங்கத்தில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) 8 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறது, லிட்டருக்குக் காசு வெட்டுகிறார்கள். இதுதான் முதல் புகார். தீவனம் சரியில்லை என்று முடிவு கட்டி இரண்டு கம்பெனி மாற்றியும் பார்த்துவிட்டார்கள். மருத்துவர் வந்து மடிநோய் இல்லை, காய்ச்சல் இல்லை, உண்ணிக்கு மட்டும் மருந்து போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

போன முதல் நாள் எதையும் அளக்கவில்லை, மாடுகள் எப்போது எவ்வளவு குடிக்கின்றன என்று உட்கார்ந்து பார்த்ததோடு சரி. நம் ஊர் வழக்கப்படி காலையும் மாலையும் தண்ணி காட்டுவார்கள், புண்ணாக்கும் தவிடும் கரைத்து ஒரு மாட்டுக்கு இரண்டு வாளி. நடுவில் தாகம் எடுத்தால் முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது, அதற்குக் கொட்டகைத் தகரத்தின் மேல் ஏற்றிய கறுப்பு பிளாஸ்டிக் டாங்கிலிருந்து தண்ணீர் வரும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு செவலை மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். அது நேரே தொட்டிக்குப் போய் மூக்கைத் தண்ணீரில் தொட்டது, ஒரு முறை சீறியது, பின்வாங்கியது. அப்புறம் தொட்டிக்குப் பின்னால் போய், கிணற்றிலிருந்து வருகிற குழாயின் மூட்டில் ஒழுகிக்கொண்டிருந்த ஈரத்தை நக்க ஆரம்பித்தது, விடவே இல்லை. தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் 39 டிகிரி. மாட்டின் உடம்புச் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான்.

பாலில் 87 சதவீதம் தண்ணீர். ஒரு லிட்டர் பால் சுரக்க மாடு தன் உடம்புத் தேவை போக மேலும் மூன்று நான்கு லிட்டர் குடித்தாக வேண்டும். பத்து லிட்டர் கறக்கிற கலப்பின மாட்டுக்கு இந்த வெயிலில் 70, 80 லிட்டர் சாதாரணமாகத் தேவைப்படும். வாளிக் கணக்கையும் தொட்டியில் குறைந்த மட்டத்தையும் கூட்டிப் பார்த்தபோது இங்கே ஒரு மாட்டுக்குச் சராசரி 45 லிட்டர்தான் போயிருந்தது. குடி குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் பாலும் எஸ்.என்.எஃப்.பும் சேர்ந்து இறங்கும். தீவனக் கம்பெனியை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது.

கொட்டகைச் சூட்டை அளந்தது

அடுத்து வெப்பமும் ஈரப்பதமும். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிற டி.எச்.ஐ. என்ற அளவெண் இருக்கிறது, 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சூட்டு நெருக்கடி தொடங்குகிறது என்பது பழைய வரம்பு, நிறையக் கறக்கிற மாட்டுக்கு 68-லேயே தொடங்கும் என்கிறார்கள். கொட்டகைக்குள், மாட்டின் தோள் உயரத்தில், சின்னதாக ஒரு டிஜிட்டல் வெப்ப-ஈரப்பதமானியைக் கட்டித் தொங்கவிட்டோம். மத்தியானம் மூன்று மணிக்கு 35 டிகிரி, ஈரப்பதம் 62 சதவீதம். கணக்குப் போட்டால் 87. இது எல்லாரும் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது விடியற்காலம் மூன்று மணி அளவு. 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம், டி.எச்.ஐ. 79. இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட அந்தக் கொட்டகை 72-க்குக் கீழே இறங்கவில்லை. பகலில் ஏறிய சூட்டை மாடு இரவில்தான் இறக்கி வைக்கும், இங்கே அதற்கு வழியே இல்லை. மேற்குப் பக்கம் சாரல் அடிக்கக் கூடாது என்று ஆறடிக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள், மேலே தகரம், பக்கத்தில் நெருக்கமாக ரப்பர், காற்று எங்கிருந்து வரும்? இரவு பத்து மணிக்கு விலாப்பக்கம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் பெரும்பாலான மாடுகளுக்கு நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு. அந்த நேரத்தில் 40, 50-க்குள் இருந்திருக்க வேண்டும். மத்தியானம் எச்.எஃப். கலப்புகள் 80-ஐத் தாண்டி, வாயில் நுரை ஒழுக நின்றன.

முதல் கட்ட முடிவுகள்

வீட்டுக்காரர் ஏற்கெனவே ஃபாகர் போட விலை விசாரித்து வைத்திருந்தார், பனி மாதிரித் தண்ணீரைத் தூவுகிற அமைப்பு. வேண்டாம் என்று முடிவானது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கிற தோவாளைப் பக்கம் என்றால், காற்று வறண்டு வீசுகிற மாதங்களில் அது வேலை செய்யும். தூவிய நீர் காற்றிலேயே ஆவியாகி, காற்றைக் குளிர வைக்கும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஈரப்பதம் எழுபது எண்பதைத் தாண்டி நிற்கிற இடத்தில் அது ஆவியாகாது. தரை நனையும், மடி நனையும், மடிநோய்தான் வரும். ஒரே மாவட்டத்துக்குள் இருபது முப்பது கிலோமீட்டரில் பதில் மாறிப்போகிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

அதற்குப் பதிலாகச் செய்தவை: மேற்குச் சுவரை இடுப்பளவுக்கு இடித்து, மழைக்கு இறக்கிவிடத் தார்ப்பாய் கட்டியது. தகரத்துக்கு மேல் முடைந்த தென்னோலை பரப்பியது. இரண்டு பெரிய மின்விசிறி. மத்தியானமும் இரவு எட்டு மணிக்கும் ஹோஸ் பிடித்து முதுகும் தோளும் தோல்வரை நனையும்படி ஊற்றி, மடிக்கு வழிவதற்குள் நிறுத்தி, உடனே விசிறியைப் போடுவது. மாட்டின் தோலிலிருந்து ஆவியாகிற நீர் மாட்டின் சூட்டையே எடுத்துக்கொண்டு போகும். கறுப்பு டாங்கை இறக்கிப் பலா மரத்து நிழலில் வைத்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, தொழுவத்துக்குள் மாட்டின் முன்னாலேயே இருபத்துநான்கு மணி நேரமும் வெறும் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு நீளத் தொட்டி.

இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் எதிர்ப்பு வந்தது. "வெறுந்தண்ணிய எப்பவும் முன்னால வச்சா மாடு புண்ணாக்குத் தண்ணி குடிக்காதுல்லா" என்றார் அம்மை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு மாட்டுக்கு மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்து, அந்த இரண்டும் புண்ணாக்குத் தண்ணீரையும் விடவில்லை என்று அவரே பார்த்த பிறகுதான் மற்றவற்றுக்கும் வைத்தோம்.

சித்திரை நடுவில் ஒரு மாட்டுக்கு 65 லிட்டருக்கு மேல் போனது. பால், மாட்டுக்குச் சராசரி ஒரு லிட்டர் அளவுக்கு ஏறியது, எஸ்.என்.எஃப். 8.3 பக்கம் வந்து நின்றது. எச்.எஃப். கலப்புகளில் இரண்டு தேறவே இல்லை, அவை ஈற்றுக் கடைசியில் இருந்தன, எப்படியும் வற்றப்போகிறவை. கோடை மழையும் நடுவில் பெய்தது. அதனால் ஏறியதெல்லாம் நாங்கள் செய்ததால்தான் என்று சொல்ல மாட்டேன், மூச்சு எண்ணிக்கை இறங்கியதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இடவப்பாதி மழையும் ஆசிட் சந்தேகமும்

ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தது. சூடு தணிந்தது, இனிமேல் கவலையில்லை என்று நினைத்திருந்தார்கள். பத்து நாள் விடாமல் பெய்த பிறகு அக்கா கூப்பிட்டு, மாடு தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஓலையிலிருந்து சொட்டித் தேங்குகிற தண்ணீரைத்தான் தேடிப் போய்க் குடிக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் தொட்டியின் உள் சுவரில் பச்சையாகப் பாசி, கையில் அள்ளினால் லேசாக மூத்திர வாடை. அதே வாரத்தில் ஆறு மாதச் சினையில் ஒரு ஜெர்சி கலப்பு கன்று வீசிவிட்டது, அதாவது சினை கலைந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது, வீட்டில் யாருக்கும் அதில் இரண்டாவது எண்ணமே இல்லை. பண்ணைக்குப் பக்கவாட்டில் மேட்டில் ஒருவர் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை வைத்திருக்கிறார். ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள், உறைந்ததை ரோலரில் கொடுத்துப் பிழிந்த புளிச்ச தண்ணீர் ஓடையில் போகும். மழைக்காலத்தில் அந்த நாற்றம் பண்ணை வரைக்கும் வரும். "அவனுக்க ஆசிட்டுத் தண்ணிதான் நம்ம கெணத்துக்கு எறங்குது, வேற ஒண்ணும் இல்ல" என்றார் வீட்டுக்காரர். ஏற்கெனவே எல்லைக்கல் விஷயமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

மனுவை இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள், அளந்துவிட்டுக் கொடுப்போம் என்று அக்காதான் சொன்னார்.

மூன்று கிணறுகளின் அளவு

முதலில் பி.எச்., அமிலத் தன்மையைக் காட்டுகிற அளவு, 7-க்குக் கீழே போகப் போக அமிலம் கூடுதல். பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் 5.9. இதைப் பார்த்ததும் வீட்டுக்காரர், பாருங்கள் ஆசிட் என்றார். அந்த ஒரு எண்ணோடு நிறுத்தியிருந்தால் மனு அன்றைக்கே போயிருக்கும். ஆனால் சரல் மண்ணும் செம்மண்ணுமான இந்தப் பகுதிக் கிணறுகள் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளவை, பி.எச். ஆறுக்குக் கீழே இருப்பது இங்கே அதிசயம் இல்லை. எனவே மேட்டில், எந்தத் தொழுவமும் கொட்டகையும் இல்லாத ஒரு வீட்டின் கிணற்றையும், ஷீட் கொட்டகைக்காரருடைய கிணற்றையும் அளக்க வேண்டியிருந்தது. முதல் கிணற்றில் 5.6. ஷீட் கொட்டகைக்காரர் வீட்டுக்கு நான் தனியாகப் போய்க் கேட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கொடுத்தார். அதுவும் 5.6. கொட்டகையிலிருந்து போகிற ஓடைத் தண்ணீர் மட்டும் 4.5-க்குப் பக்கத்தில் காட்டியது, அது அமிலம்தான், ஆனால் அந்த ஓடை சரிவின் மறுபக்கம் இறங்கிப் போகிறது.

அடுத்து டி.டி.எஸ். பேனா. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்தத்தைத்தான் அது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது, கிருமியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. ஆனாலும் இந்த இடத்தில் அதுதான் விஷயத்தை உடைத்தது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மேட்டுக் கிணறு 75, ஷீட் கொட்டகைக்காரர் கிணறு 90. பண்ணைக் கிணறு 470. மார்ச்சில் இதே கிணறு 210 காட்டியது, அக்காவின் மகன் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தான். மழை பெய்தால் கிணறு நிரம்பி, உப்பு நீர்த்துப் போக வேண்டும், அளவு குறைய வேண்டும். இங்கே இரட்டிப்பாகியிருக்கிறது. அப்படியென்றால் மழை எதையோ கழுவிக்கொண்டு வந்து கிணற்றில் போடுகிறது.

470 என்பது மாட்டுக்கு ஒரு அளவே இல்லை, 1000 வரை எந்தத் தடையும் கிடையாது. கடற்கரைப் பக்கம் இதைவிடக் கூடுதலான தண்ணீரைக் குடித்துவிட்டு மாடுகள் நன்றாகத்தான் கறக்கின்றன. அதனால் எண்ணை மட்டும் பார்த்து நல்ல தண்ணீர் என்று விட்டுவிடவும் முடியும். அடுத்து நைட்ரேட், சாணியும் மூத்திரமும் மண்ணில் மக்கும்போது உண்டாகிற உப்பு. அதைக் காட்டுகிற சோதனைப் பட்டையை நனைத்ததும் அது அடர்ந்த ரோஜா நிறத்துக்குப் போனது, பட்டையின் அட்டையில் 100-க்கும் 250-க்கும் நடுவில். மற்ற இரண்டு கிணறுகளிலும் 10-க்குள். மாதிரியைப் பாட்டிலில் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்ததில் லிட்டருக்கு 168 மில்லிகிராம் நைட்ரேட் என்று வந்தது, சாணி, மலம் கலந்திருப்பதற்கு அடையாளமான கோலிஃபார்ம் கிருமியும் இருந்தது.

எருக்குழியைப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை, தொழுவத்தை ஒட்டியே இருந்தது. ஒரு மாடு நாளுக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும். ஐந்து மாட்டுக்கு வெட்டிய, அடியில் சிமெண்டு போடாத மண் குழியில் இருபதுக்கு மேற்பட்ட உருப்படிகளின் சாணி, மூத்திரம், தினமும் இரண்டு வேளை தொழுவம் கழுவுகிற தண்ணீர், அதற்கு மேல் கூரையில்லாமல் பெய்கிற இடவப்பாதி. சரல் மண் சல்லடை மாதிரி, பிடித்து வைக்காது. குழி நிரம்பி வழிந்ததே இல்லை என்று அம்மை பெருமையாகச் சொன்னதற்குக் காரணமும் அதுதான், வழிய வேண்டியதெல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சத்தை வாய்க்கால் வெட்டி நேப்பியருக்கு விட்டிருந்தார்கள், நேப்பியர் கிணற்றைச் சுற்றி நிற்கிறது.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

நைட்ரேட் மாட்டின் முதல் இரைப்பையில் நைட்ரைட்டாக மாறும். அளவு மீறினால் அது ரத்தத்தில் ஏறி, ரத்தம் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்ல முடியாதபடி ஆக்கிவிடும். கடுமையாகப் போனால் ரத்தம் சாக்லேட் நிறமாகும், உடனே மருத்துவர் ஊசி போட வேண்டிய நிலை. குடிநீரில் லிட்டருக்கு 44 மில்லிகிராம் வரை மாட்டுக்குப் பயமில்லை, 132 வரை தீவனம் சரியாக இருந்தால் தாங்கும், 133 முதல் 220 வரை நெடுநாள் குடித்தால் கெடுதல், அதற்கு மேல் ஆபத்து. 168 என்பது மூன்றாவது வகை. இன்றைக்கே மாடு விழுந்துவிடும் என்கிற நிலை இல்லை.

மனிதருக்கு அப்படி இல்லை. நம் குடிநீர்த் தர வரம்பு 45. இந்தக் குடும்பம் அதே கிணற்றைத்தான் குடிக்கிறது, மூத்த மகள் எட்டு மாதக் கர்ப்பத்தோடு பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். "நாங்க கொதிக்க வச்சுதானே குடிக்கோம்" என்றார் அக்கா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பிறக்கிற குழந்தைக்கு முதல் ஆறு மாதத்தில் இந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் உடம்பு நீலம் பாய்கிற அளவுக்குப் போகலாம். எனவே முதல் முடிவு மாட்டைப் பற்றியதாக இல்லை. குடிக்கவும் சமைக்கவும் அன்றிலிருந்தே பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர்.

இரண்டாவது, சினைமாடுகளுக்கும் கன்றுகளுக்கும் வேறு தண்ணீர். கால்வாய்த் தண்ணீர் கலங்கலாக இருந்தது, ஊர் முழுக்கக் குளித்துத் துவைத்து வருகிறது, வேண்டாம் என்று விட்டோம். மிச்சம் இருந்தது ஷீட் கொட்டகைக்காரருடைய கிணறு. மனு மேசை மேல் இருக்க, வீட்டுக்காரர் அவரிடமே போய்த் தண்ணீர் கேட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, மறுநாள் ஹோஸ் இழுத்திருந்தார்கள், கரண்டுக் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்றாராம்.

மூன்றாவது, புல். இதை யாரும் யோசித்திருக்கவில்லை. எருக்குழிக் கரைசலைக் குடித்து வளர்ந்த நேப்பியர், மேகமூட்டமான நாட்களில் நைட்ரேட்டைத் தண்டிலேயே சேர்த்து வைக்கும், அதுவும் அடித்தண்டில் கூடுதல். அப்படியானால் மாட்டுக்குத் தண்ணீரிலும் வருகிறது, தீனியிலும் வருகிறது. கரைசல் விடுவதை நிறுத்தி, தரையோடு அறுக்காமல் ஒரு முழம் விட்டு அறுத்து, பாதிக்குப் பாதி வைக்கோல் கலந்து, பசியோடு நிற்கிற மாட்டுக்கு முதலில் வைக்கோலைப் போட்டுவிட்டு அப்புறம் பச்சை.

குழியை என்ன செய்வது என்பதில்தான் நாள் போனது. சாண எரிவாயுக் கலன் கட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று உறவினர் ஒருவர் சொன்னார். எரிவாயு எடுத்த பிறகு வெளியே வருகிற கரைசலில், நைட்ரேட்டாக மாறுகிற தழைச்சத்து (நைட்ரஜன்) அப்படியே இருக்கும், அதைக் கிணற்றருகே விட்டால் கதை மாறாது. புது ஆழ்துளைக் கிணறு போடுவது வீட்டுக்காரரின் யோசனை, மேலே குழி அப்படியே இருக்கும்போது அதற்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. மழைக்கு நடுவில் சிமெண்டு வேலையும் நடக்காது. ஆகவே அப்போதைக்கு: கழுவுவதற்கு முன் சாணியைத் தனியே வழித்து எடுத்து, கிணற்றுக்குக் கீழே வாழைப் பக்கம் தார்ப்பாய்ப் பந்தலில் குவிப்பது. பழைய குழிக்கு மேல் தகரம். மேட்டு மழைநீர் குழிக்குள் இறங்காதபடி சுற்றி ஒரு சால். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு கிணற்றுக்குக் கீழ்ப்புறம் அடியும் பக்கமும் சிமெண்டு பூசிய, கூரை போட்ட புதுக் குழி.

கோலிஃபார்முக்குக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர். 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது கணக்கு. 10 அடி விட்டம், 12 அடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 26,700 லிட்டர், 67 கிராம் வரும். சாணிச் சாறு கலந்த தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும், அதனால் ஒரு மணி நேரம் கழித்து மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மறுபடியும் போட வேண்டியிருந்தது. பழைய பாக்கெட்டில் வீரியமே இருக்காது, புதிதாக வாங்கியதைத்தான் போட்டோம்.

பின்னால் நடந்தது

மனு போகவில்லை. தண்ணீர் மாற்றிய அன்றே சினைமாடுகள் தொட்டியில் வாய் வைத்தன. மற்ற மாடுகளின் தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவ ஆரம்பித்ததும் அவையும் குடித்தன, பாசியும் வாடையும்தான் அவற்றை விரட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன், நைட்ரேட்டுக்கு அந்த அளவில் சுவை பெரிதாகத் தெரியாது.

கன்று வீசிய மாட்டின் ரத்தத்தில், கன்று வீச வைக்கிற கிருமிகளில் ஒன்றான புரூசெல்லா இல்லை என்று வந்தது. அதே போல வீச வைக்கிற இன்னொரு கிருமியான லெப்டோஸ்பைரா பார்க்கவில்லை, எலி ஓடுகிற, மூத்திரம் தேங்குகிற மழைக்காலத் தொழுவத்தில் அதற்கும் வாய்ப்பு உண்டு. நைட்ரேட்டால்தான் வீசியது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு பரவிவிட்டது, அப்படிச் சொல்ல எங்களிடம் ஆதாரம் கிடையாது.

கிணற்று நைட்ரேட் மெதுவாகத்தான் இறங்கியது. ஆகஸ்டில் 130 பக்கம். ஐப்பசி மழையில் மறுபடி 145-க்கு ஏறியதும் வீட்டுக்காரருக்குச் சலித்துப் போய்விட்டது, இவ்வளவு செய்தும் என்ன பிரயோஜனம் என்றார். தையில் பழைய குழியைத் தோண்டியபோதுதான் காரணம் தெரிந்தது. சாணியை எடுத்த பிறகும் அடியில் இரண்டு மூன்றடிக்கு மண் கறுத்து, ஊறி, கையில் பிசுபிசுத்தது. பல வருடம் ஊறிய அந்த மண்ணே ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வந்திருக்கிறது. அதை வெட்டியெடுத்து வாழைக்குப் போட்டார்கள், மட்டி வாழை வைத்திருக்கிற இரண்டு பேர் வந்து காசு கொடுத்தே அள்ளிக்கொண்டு போனார்கள். குழியைச் செம்மண் போட்டு இறுக்கி மூடினார்கள். அடுத்த இடவப்பாதியில் பத்து நாள் மழைக்குப் பிறகு அளந்தபோது நைட்ரேட் 62, டி.டி.எஸ். 190. மாட்டுக்குத் தாராளமாகப் போதும். வீட்டுக்கு இன்னும் பஞ்சாயத்துக் குழாய்தான்.

பதிவு வைப்பது சீராக நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் டி.டி.எஸ். பேனா கன்றுக்குட்டியின் காலில் மிதிபட்டது. பேறுகால மாதத்தில் நோட்டில் ஒரு வரியும் இல்லை. பிறகு தினமும் என்பதை விட்டு, வாரம் ஒரு நாள், கூடவே பெருமழைக்கு மூன்றாம் நாள் என்று வைத்தோம், அது நின்றது.

அடுத்த பண்ணையில் மாற்றிச் செய்வது

கிணற்று அளவை மழைக்கு முன்னும் பின்னும் எடுப்பது இப்போது முதல் வேலை, புகார் வருகிற வரை காத்திருப்பதில்லை. இங்கே மார்ச் மாத அளவு நோட்டில் இருந்தது தற்செயல், அந்தப் பையன் எழுதாமல் விட்டிருந்தால் 470 என்ற எண்ணை எதோடும் ஒப்பிட முடிந்திருக்காது. அப்புறம், பண்ணைக் கிணற்றை மட்டும் அளப்பதில்லை, மேட்டில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று சேர்த்தே அளப்பது. மாடு எண்ணிக்கையைக் கூட்டப் போகிறவர்களிடம் கொட்டகை நீளத்துக்கு முன் எருக்குழி எங்கே, எவ்வளவு பெரியது, கிணறு அதற்கு மேலா கீழா என்று கேட்டுவிடுவது.

டி.எச்.ஐ. கருவியை விடியற்காலம் பார்க்கச் சொன்னால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை, இரவின் குறைந்த அளவை நினைவில் வைக்கிற கருவி கொஞ்சம் விலை கூடுதல், அதையே வாங்கச் சொல்கிறேன். கன்று வீச்சு என்று வந்தால் லெப்டோவுக்கும் சேர்த்து மாதிரி எடுக்கும்படி மருத்துவரிடம் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும், நாள் கடந்தால் பதில் கிடைக்காது.

புதுக் குழிக்குக் கீழே, வாழைத் துண்டைத் தாண்டி, இன்னொரு குடும்பத்தின் கிணறு இருக்கிறது. சிமெண்டு பூசியாகிவிட்டது, கூரையும் போட்டாகிவிட்டது, இருந்தாலும் பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் கிணற்றையும் அவர்களிடம் சொல்லிவிட்டு அளவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம், குழி நிரம்புவதற்கு முன் எடுத்த முதல் அளவு நைட்ரேட் 12.